இஞ்ஞாசியம்மாளுக்கு அறுபது

எங்கள் வீட்டுக்கும் இஞ்ஞாசியம்மாள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதுவும் கூரையைத் தொடாத சுவர். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் விழுந்தால் அது என் குற்றமா, கொத்தனார் குற்றமா?

அங்கே ஒரு புருசன், ஒரு பெண்டாட்டி, இரண்டு வழிபாடு. அக்கா பிறந்ததிலிருந்தே தங்கச்சிமடத்தில் மாதா கோயில்காரி. ராயப்பன் அண்ணன் எண்பத்தொன்பதில் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து, கடலில் முங்கி எழுந்து, பேதுரு ஆகிவிட்டார். ராயப்பர் என்றாலும் பேதுரு என்றாலும் ஏசுவின் சீடர் ஒருவர் பேர்தானாம், அக்காதான் சொன்னாள்.

"அதே பேருக்கு எதுக்குக்கா அம்புட்டுத் தண்ணியில முங்கணும்?" என்று கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரி, கருப்பனைக் கும்பிடுகிறவள். எனக்கு இரண்டு இடமும் ஒன்றுதான். கோயில் வாசலிலும் நிற்பேன், சபை ஜன்னலிலும் நிற்பேன்.

அவர்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை இருந்தால் எனக்காவது பொழுது போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அக்கா தெருவின் மேற்கே போவாள், அண்ணன் கிழக்கே போவார். மத்தியானம் ஒரே சட்டிச் சோற்றை, ஆளுக்கொரு செபம் சொல்லிவிட்டுப் பேசாமல் சாப்பிடுவார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில் அக்காவுக்கு அறுபது முடிந்தது. அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்தது. கோயிலில் அறுபது முடித்தவர்களைப் பூசை முடிவில் சோடியாக முன்னால் கூப்பிட்டு, மாலை மாற்றி, கல்யாணத்தன்று சொன்ன வார்த்தையைத் திரும்பச் சொல்ல வைப்பார் பங்குச்சாமியார். சபையிலோ, பிறந்தநாள்காரர் எழுந்து, இத்தனை வருசம் கர்த்தர் நடத்தினார் என்று சாட்சி சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே நேரம்.

மூன்று வாரத்துக்கு முன்பே பேச்சு சுவரைத் தாண்டி வந்தது.

"என் பக்கத்துல ஒரு தடவ வந்து நில்லுங்களேன். வேற எதுவும் கேக்கல."

"நீ சபைக்கு வா, இஞ்ஞாசி. ஒரு வார்த்த சாட்சி சொன்னாப் போதும்."

"செபிச்சிட்டுச் சொல்றேன்."

"நானும் ஜெபிச்சிட்டுத்தான் சொல்லணும்."

அவ்வளவுதான். அதன் பிறகு நானும் மூன்று வாரம் வெங்காயத்தைச் சுவரோரமாகவே உட்கார்ந்து உரித்தேன். ஒரு சொல் விழவில்லை.

பொறுக்கமாட்டாமல் குழாயடியில் கேட்டேன். "இன்னொருக்காக் கேளேங்க்கா."

"ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சாச்சு, சோணை. திரும்பக் கேட்டா நம்பிக்கை இல்லாத மாதிரி. வருவாக."

அண்ணனையும் மடக்கினேன். "விசுவாசத்தோட கேட்டத மறுபடி கேக்கக் கூடாது, தங்கச்சி. அவ வருவா."

பதினான்கு வருசத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விசயம் இதுதான். அக்கா காத்திருக்கிறதை அண்ணனிடமும், அண்ணன் காத்திருக்கிறதை அக்காளிடமும் நான் சொல்லியிருக்கலாம். ஊர்ப் பேச்செல்லாம் சொல்கிற வாய் அதை மட்டும் சொல்லவில்லை. யார் இறங்கி வருகிறார்கள் என்று பார்க்க ஆசை.

சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போன அண்ணன் சபையிலேயே தங்கிவிட்டார். அக்கா விடிந்ததும் பூ வைக்கக் கோயிலுக்குப் போய்விட்டாள். ஒருவர் கிளம்பினதை ஒருவர் பார்க்கவில்லை.

நான் முதலில் கோயிலுக்குப் போனேன். அக்கா நீலப் பட்டுச் சேலையில் நின்றாள். தட்டில் இரண்டு மாலை. சாமியார் பெயரைக் கூப்பிட்டார்.

"வந்திருவாக, சாமி."

அடுத்த சோடியைக் கூப்பிட்டு முடித்துவிட்டு மறுபடியும் அக்காளைப் பார்த்தார். கோயிலே திரும்பி வாசலைப் பார்த்தது. வாசலில் நின்றது நான்தான். ஏதோ அண்ணனை முந்தானையில் ஒளித்து வைத்திருப்பவளைப் போல அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். ஓடினேன். ஒரு சேதியைச் சொல்வதற்கல்லாமல் நான் தெருவில் ஓடியது அன்றைக்குத்தான்.

சபைக் கொட்டகையின் ஜன்னலில் எட்டிப் பார்த்தால், வெள்ளையும் சள்ளையுமாகக் கூட்டம். முன்னால் அண்ணன் நின்றிருந்தார். பக்கத்தில் காலியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"வருவா, பாஸ்டர். இன்னொரு பாட்டுப் பாடுங்க."

பாடினார்கள். அண்ணே என்று கூப்பிட வாயெடுத்தேன். அவரை அங்கே இழுத்துப் போவதா, அவளை இங்கே இழுத்து வருவதா?

அவரைக் கூப்பிடாமலே கோயிலுக்குத் திரும்பி வந்தபோது அக்கா தனியாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். இன்பத்திலும் துன்பத்திலும், நோயிலும் சுகத்திலும் என்று, ஒரு சொல் விடாமல். கேட்டுக்கொள்ள எதிரே ஆளில்லை. ஒரு மாலை கழுத்தில், இன்னொன்று தட்டிலேயே.

மத்தியானம் அவள் மீன் ஆயும்போது போய் உட்கார்ந்தேன்.

"ஒனக்கும் அங்கன ஒரு நாற்காலி போட்டு வச்சிருந்தாருக்கா. போட்டுட்டு நின்னுக்கிட்டே இருந்தாரு."

கை நின்றது. "எந்தப் பக்கம் போட்டிருந்தாக?"

"அவருக்கு இடது பக்கம்."

"கல்யாணத்தன்னிக்கும் அங்கனதான் நின்னேன்." மீனைத் திருப்பிப் போட்டாள். "நான் காத்துக்கிட்டு நின்னத அவுககிட்டச் சொல்லிராத, சோணை. மனசு கஷ்டப்படுவாக."

சாயங்காலம் அண்ணன் குழாயடிக்கு வாளியோடு வந்தார். தண்ணீர் பிடிப்பது என்றைக்கும் அக்காதான்.

"கோயில்ல இன்னிக்கு என்ன தங்கச்சி, கூட்டமா?"

"கூட்டந்தாண்ணே."

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். வாளி நிறைந்து வழிந்தது. நான் குழாயை அடைத்தேன். அவர் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.