கால் பட்டது

உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காததால் கரியை எரித்த வாயுவில் ஓடிய பஸ், பூந்தமல்லியிலிருந்து பட்டணத்துக்கு இரைத்துக்கொண்டே கிளம்பியது. பெண்கள் பலகையில் நாகம்மாள் உட்கார்ந்திருந்தாள். பாரிவாக்கத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். பட்டணத்தில் வாழ்க்கைப்பட்ட மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது; பார்க்கப் போகிறாள். அதே ஊர்ச் சேரியிலிருந்து வந்து அவள் கழனியில் நாற்று நடும் வேம்புலியம்மாள், பலகையில் இடம் இருந்தும் அவள் காலருகே தரையில் குந்தியிருந்தாள்.

பள்ளத்தில் இறங்கிய பஸ் தூக்கிப் போட்டது. நாகம்மாளின் கால் வேம்புலியின் முதுகில் இடித்தது.

"பெருமாளே!" என்று நாகம்மாள் குனிந்து, அவள் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யார்மேல் கால் பட்டாலும், அரிசி முறத்தில் பட்டாலும் சின்ன வயதிலிருந்து செய்வதுதான். யோசித்துச் செய்வதில்லை.

பஸ்ஸில் எல்லாத் தலைகளும் திரும்பின. வேம்புலி ஒடுங்கிப்போனாள். "ஐயோ, அம்மா! என்னியப் போயி..."

பின்னாலிருந்து நாகம்மாளின் தெருக்காரன் தசரதன் எட்டிப் பார்த்தான். "இன்னா சித்தி, யாரத் தொட்டுக் கும்புட்டேன்னு பாத்தியா?"

நாகம்மாளுக்கும் அப்போதுதான் உறைத்தது. கூசியிருப்பாள். ஆனால் விரலில் ஒட்டியிருந்த சூடு அவளை விடவில்லை. மறுபடி குனிந்து, வேண்டுமென்றே, வேம்புலியின் நெற்றியில் கை வைத்தாள்.

"இன்னாடி, அனலா கொதிக்குது?"

"கொஞ்ச நாளா ஜொரம்மா. தர்மாஸ்பத்திரிக்குப் போறேன்."

"தனியாவா? ஒன் ஊட்டுக்காரன் எங்க?"

"ஒங்க கழனியிலதாம்மா கீறாரு. அறுப்பு நடக்குதே, உடுவாங்களா?"

நாகம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "எழுந்து இப்பிடி மேல ஒக்காரு."

"சித்தி!" என்றான் தசரதன்.

"கால் பட்டா தொட்டுக் கும்புடுன்னுதான் எங்கம்மா சொன்னா. ஆளப் பாத்துக் கும்புடுன்னு சொல்லல. நீ சும்மா இரு."

வேம்புலி பலகை நுனியில் உட்கார்ந்தாள். பாதி வழியில் கண் செருகி, தலை நாகம்மாளின் தோளில் சாய்ந்தது. நாகம்மாள் அசையாமல் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில், "கூட யாரு வந்திருக்கா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"நான்தான்" என்றாள் நாகம்மாள். வேம்புலிக்குப் படுக்கை கிடைத்து, மருந்து உள்ளே போய், அவள் வியர்த்துத் தூங்கிய பிறகுதான் கிளம்பினாள்.

மகள் வீடு சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. "இவ்ளோ நேரம் எங்கம்மா போயிட்டே?"

"நம்மூரு பொண்ணுக்கு ஜொரம். கூட இருந்தேன்" என்று சொல்லி, குழந்தைக்குக் கை நீட்டினாள்.