லெஃப்ட் பேக்கில் மூன்றாவது பெயர்

பயிற்சி முகாமின் கூட்ட அறைச் சுவரில் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. அதில் மைதானம் வரைந்திருக்கும். பதினோரு இடம். ஒவ்வொரு இடத்திலும் பெயர் எழுதிய காந்தப் பொத்தான்கள் மேலிருந்து கீழாக ஒட்டியிருக்கும். மேலே இருப்பவள் ஆடுவாள். அடுத்தவள் பெஞ்சில் உட்காருவாள். மூன்றாவதாக இருப்பவள் பெரும்பாலும் வீட்டுக்குப் போவாள். தேசியப் பெண்கள் கால்பந்து அணியில் என் வேலை, எந்தப் பொத்தான் ஏன் அங்கே இருக்கிறது என்று கணக்கு காட்டுவது.

எனக்குப் பந்து உதைக்கத் தெரியாது. நான் புள்ளியியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறார். வேலை தேடிய இரண்டு வருடமும் என் சான்றிதழைப் புரட்டுவதற்கு முன்னால் எல்லாரும் கேட்ட கேள்வி, "அப்பா என்ன பண்றார்?" பதில் சொன்னதும் சான்றிதழைப் புரட்டுகிற வேகம் கூடிவிடும். அதனால்தான் எனக்கு எண்களைப் பிடிக்கும். ஏழு என்றால் ஏழு. அது யார் வீட்டு ஏழு என்று யாரும் கேட்பதில்லை.

நான் வருவதற்கு முன்னால் இந்த அணியை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? "நல்ல பொண்ணு சார், போட்டுடலாம்." அவ்வளவுதான். நான் வந்த முதல் மாதமே ஒவ்வொருத்திக்கும் ஒரு தாள் போட்டேன். எத்தனை தடவை பந்தைப் பறித்தாள், எத்தனை பாஸை இடைமறித்தாள், நேருக்கு நேர் மோதலில் எத்தனை ஜெயித்தாள். துணைக் கோச் இருபது வருடம் பின்களத்தில் ஆடியவர். "பந்து வயித்துல பட்டா எப்படி வலிக்கும்னு உன் கம்ப்யூட்டருக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியாது சார், ஆனால் யார் வயிற்றில் அதிகம் படுகிறது என்று தெரியும் என்றேன். அன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் ஆகாது. வீராங்கனைகள் எனக்கு 'எக்செல்' என்று பேர் வைத்தார்கள். நாலு மாதம் போனதும் என்னைக் கேட்காமல் ஒரு பொத்தானும் நகரவில்லை. அது எனக்கு இனித்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை. அன்று காலையில்கூட போனில் கேட்டாள். "பக்கத்து வீட்டுல உனக்கு என்ன வேலைன்னு கேக்குறாங்கடி. என்ன சொல்லட்டும்?"

"யாரு எங்க நிக்கணும்னு சொல்ற வேலைம்மா."

"அதுக்கு மூணு வருஷம் படிச்சியா? ரேஷன் கடையில அதைச் சும்மாவே செய்றாங்களே."

நாலு வருடத்துக்கு ஒரு தடவை வரும் பெரிய போட்டிக்கு, அன்று மாலை ஆறு மணிக்குள் இருபத்து மூன்று பேர் பட்டியல் போய்ச் சேர வேண்டும். இருபத்திரண்டு பேர் முடிவாகிவிட்டார்கள். மீதி இருந்தது லெஃப்ட் பேக்கின், அதாவது இடது பின்கள இடத்தின், இரண்டாவது ஆள். முதல் பொத்தான் 'ரயில்'. இருபது வயது, பேருக்கேற்ற வேகம். இரண்டாவது 'ஸ்டெப்னி', மூன்று இடங்களில் எங்கே கழன்றாலும் மாட்டலாம். மூன்றாவது 'தபால்'. தபால் நிலையத்தில் வேலை, முப்பத்திரண்டு வயது, மெதுவானவள். அடுத்த போட்டி நாலு வருடம் கழித்து. இந்தப் பட்டியலில் வராவிட்டால் அவளுக்கு அத்தோடு முடிந்தது. என் தாளில் அவளுக்கு எல்லாக் கட்டத்திலும் சிவப்பு. ஒரு ஆட்டத்துக்கு இரண்டு தடவைகூடப் பந்தைப் பறிப்பதில்லை. ரயில் ஒன்பது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பத்து மணிக்குக் கோல்கீப்பர் என் அறைக்குள் வந்தாள். கதவு நிலைக்குக் குனிந்துதான் வருவாள், அதனால் அவளுக்கு ஒட்டகம் என்று பேர்.

"எக்செல், தபாலைத் தூக்கிட்டியாமே."

"நான் தூக்கல அக்கா. கணக்கு தூக்குச்சு."

"அவ ஆடினா எனக்கு வேலை கம்மியா இருக்கு."

"எவ்வளவு கம்மி? நம்பர் சொல்லுங்க."

"நம்பரா? சும்மா நிக்கிற மாதிரி இருக்கும். குளிர்ல கையைத் தேய்ச்சிக்கிட்டு, வீட்டுக் கேஸை அணைச்சோமான்னு யோசிச்சிக்கிட்டு நிப்பேன். போதுமா?"

"இதுக்குப் பேரு சிபாரிசு."

ஒட்டகத்தின் முகம் சுருங்கிவிட்டது. "சிபாரிசா? அவளுக்கும் எனக்கும் ரெண்டு வருஷமாப் பேச்சே கிடையாது. அந்தக் குறட்டைக்கு நான் ரூம் மாத்திட்டுப் போனவ. யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொல்ற?" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அதுதான் முள்ளாகக் குத்தியது. பிடிக்காதவளுக்காக ஒருத்தி ஏன் வந்து பேச வேண்டும்?

சரி, அவள் வாயை வீடியோ போட்டே அடைத்துவிடுவோம் என்று கிளம்பினேன். நான் எண்ணுவது, வேலைக்கு வருமுன் நடந்த ஆட்டங்களையும் சேர்த்து, டி.வி. ஒளிபரப்பைப் பார்த்து. டி.வி. கேமரா பந்துக்குப் பின்னாலேயே ஓடும். தபால் முக்கால்வாசி நேரம் அந்தப் படத்திலேயே இருக்க மாட்டாள். ஆனால் கால்பந்துச் சங்கத்துக்கென்று ஒரு கேமராக்காரர் இருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்தையும் அரங்கக் கூரையிலிருந்து, கேமராவை நகர்த்தாமல், முழு மைதானமும் தெரியும்படி எடுத்து வைப்பார். அவருடைய அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது.

"முழு மைதானமா?" என்றார். "ஆறு வருஷமா எடுத்துக்கிட்டிருக்கேன். கேட்டு வந்த முதல் ஆள் நீதான். எல்லாரும் எறும்பாட்டம் தெரிவாங்க, பரவாயில்லையா?"

எறும்பாட்டம்தான் தெரிந்தார்கள். போன வருடம் பலமான ஓர் அணியோடு ஆடிய ஆட்டம். அந்த அணியின் வலது ஓரத்தில், விங்கில், ஒரு பேய் ஓட்டக்காரி இருந்தாள். முதல் ஐந்து நிமிடம் கொட்டாவி வந்தது. தபாலைத் தொலைத்துவிடக் கூடாது என்று திரையில் அவள்மேல் விரலை வைத்துக்கொண்டேன்.

பந்து மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. என் விரலுக்குக் கீழே தபால் நாலடி உள்ளே நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். எதிரணியின் நடுக்கள ஆள் பந்தை வாங்கினாள், தலையைத் தூக்கி விங் பக்கம் பார்த்தாள், பிறகு திரும்பிப் பின்னால் தட்டிவிட்டாள். அவ்வளவுதான். என் தாளில் இதற்குக் கட்டமே கிடையாது.

இரண்டு நிமிடம் கழித்து அதே மாதிரி. இந்தத் தடவை தபால் வெளியே இரண்டடி. மறுபடியும் அந்த நடுக்கள ஆள் தலையைத் தூக்கினாள், பார்த்தாள், பின்னால் தட்டினாள். ஓட்டக்காரி கையை விரித்துக் கத்துவது எறும்பு அளவிலும் தெரிந்தது.

ரீவைண்ட் செய்தேன். யார் முதலில் நகர்ந்தது? ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளினேன். தபால்தான். நடுக்கள ஆளின் காலுக்குப் பந்து வந்து சேருவதற்கு முன்பே தபால் நடக்க ஆரம்பித்திருந்தாள். ஏழு தடவை போட்டுப் பார்த்தேன். ஏழு தடவையும் அப்படித்தான். அந்தப் பாஸ் கொடுக்கப் போகிறவளின் மனசில் இன்னும் வரவில்லை. அதற்குள் இவள் போய் வழியில் நின்றுவிட்டாள்.

இருபத்திரண்டு பேர் ஓடுகிற இடத்தில் ஒருத்தி, இன்னும் நடக்காத ஒன்றைப் பார்க்கிறாள். நாலடி நடக்கிறாள். அது நடக்காமலே போகிறது. இவள் திரும்பி வந்து மூக்கைச் சொறிந்துகொண்டு நிற்கிறாள். அரங்கத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. எதற்குத் தட்டுவார்கள்? ஒன்றும்தான் நடக்கவில்லையே.

புதுத் தாள் எடுத்தேன். எதிரணி அந்தப் பக்கம் பாஸ் கொடுக்கத் தலையைத் தூக்கியது முப்பத்தொரு தடவை. கொடுத்தது நாலு. அதே எதிரணியோடு ரயில் ஆடிய ஆட்டத்தைப் போட்டேன். தலையைத் தூக்கியது இருபத்தாறு, கொடுத்தது பத்தொன்பது. தன்னைத் தாண்டிப் போன பந்தைத் துரத்திப் பிடித்து ரயில் பறித்தது ஒன்பது. அந்த ஒன்பதைத்தான் நான் பச்சை அடித்து வைத்திருந்தேன். மீதிப் பத்தும் ஒட்டகத்தை நோக்கிப் போனது.

கோல்கீப்பர் தாளைத் தேடி எடுத்தேன். ரயில் ஆடிய அன்று ஒட்டகம் எட்டு கோலைத் தடுத்திருந்தாள். தபால் ஆடிய அன்று இரண்டு. அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு: 'ஈடுபாடு குறைவு.' செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மதியம் தபாலைத் தேடிப் போனேன். சலவை அறையில் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். போனில் அந்தத் துண்டைக் காட்டினேன். "அக்கா, இங்க ஏன் உள்ள வந்தீங்க?"

"தப்பா?"

"இல்லக்கா. ஏன்னு கேக்குறேன்."

உற்றுப் பார்த்தாள். "இதுல ஏன் இவ்வளவு குண்டாத் தெரியறேன்?"

"அக்கா."

"ஞாபகம் இல்லடா. அங்க நிக்கணும்னு தோணியிருக்கும், நின்னிருப்பேன்." ஒரு காலுறையை உதறினாள். "பட்டியல் வந்துடுச்சா? வராட்டி இப்பவே சொல்லிடு. திங்கக்கிழமைக்கு டியூட்டி போடச் சொல்லணும். லீவு போட்டே எங்க ஆபீசர்கிட்ட கெட்ட பேரு."

இன்னும் முடிவாகவில்லை என்று மட்டும் சொன்னேன்.

நாலு மணிக்குக் கூட்டம். தலைமைக் கோச், துணைக் கோச், நான். தலைமைக் கோச் அதிகம் பேசாத பெண்மணி. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் தைரியம் போய்விடும். "என் தாள் தப்பு மேடம். பந்தைத் தொட்டதை மட்டும் எண்ணியிருக்கேன். பின்களத்துல பந்தே வராமப் பண்றவங்களுக்குப் பூஜ்யம் போட்டிருக்கேன்."

துணைக் கோச் நாற்காலியில் நிமிர்ந்தார். "நாலு மாசமா எங்க வாயை அடைச்சியேம்மா. இப்ப தப்புங்கற?"

"ஆமா சார். தப்புதான். அடைச்சதும் தப்புதான்."

வீடியோவைப் போட்டேன். விரலை மட்டும் தபால்மேல் வைத்தேன், எதுவும் விளக்கவில்லை. மூன்றாவது தடவை அவள் நடந்தபோது துணைக் கோச் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். ஆறாவது தடவை மேஜை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "மூணு வருஷமா இவளை 'ஓடுடி, ஓடுடி'ன்னு திட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

தலைமைக் கோச் முதல் பாதி முழுக்கப் பார்த்தார். பிறகு கேட்டார். "ஸ்டெப்னி மூணு இடத்துல ஆடுவா. தபாலுக்கு ஒரே இடம். இவளை எடுத்தா மத்த ரெண்டு இடத்துக்குப் பின்னாடி ஆள் இல்ல. அதுக்கு என்ன பதில்?"

"பதில் இல்ல மேடம். அது நிஜமான ஓட்டை. யாருக்காவது அடிபட்டா மாட்டிக்குவோம்."

"தெரிஞ்சேதான் சொல்றியா?"

"தெரிஞ்சேதான்."

அவர் பலகைக்குப் போய்த் தபாலின் பொத்தானை எடுத்தார். இரண்டாவது இடத்தில் வைப்பார் என்று நினைத்தேன். ரயிலைக் கீழே தள்ளிவிட்டு எல்லாருக்கும் மேலே வைத்தார். ஸ்டெப்னியின் பொத்தானைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "மீதிப் பேரையும் கூரை வீடியோல முதல்லேருந்து எண்ணு. இன்னும் எத்தனை பேருக்குப் பூஜ்யம் போட்டிருக்கியோ" என்றார். "ஸ்டெப்னிகிட்ட நீதான் சொல்லணும்."

துணைக் கோச் தானே போய்த் தபாலிடம் சொல்லிவிட்டார். சலவை அறைப் பக்கம் சத்தம் கேட்டது. நான் ஸ்டெப்னியைத் தேடி எதிர்ப்பக்கம் நடந்தேன். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

ஷூவைக் கீழே வைத்தாள். "உன் தாள்ல நான் ரெண்டாவது இருந்தேனே."

"தாள் தப்பு."

"மூணு இடம் கத்துக்கிட்டேன் எக்செல். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வருஷம். உனக்கு மத்தியானத்துல புத்தி வந்துச்சுன்னு நான் மூட்டையைக் கட்டணுமா?"

"ஆமா."

"அவளுக்கு வந்து என்னைவிட என்ன தெரியும்? காட்டு. நீதான் எல்லாத்துக்கும் ஆதாரம் வெச்சிருப்பியே, காட்டு."

அறைக்குக் கூட்டிப்போனேன். அவள் உட்காரவில்லை. அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, வீடியோவை மட்டும் ஓட விட்டேன். தபால் நடந்தாள். அந்த நடுக்கள ஆள் தலையைத் தூக்கினாள், பின்னால் தட்டினாள். ஸ்டெப்னி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தபால் மறுபடி நடந்தாள். ஸ்டெப்னியின் கை தானாகப் பிரிந்தது. அவளும் பின்களத்தில் நின்றவள். நான் காலையில் ஏழு தடவை ரீவைண்ட் செய்து கண்டுபிடித்ததை அவள் இரண்டே தடவையில் பிடித்துவிட்டாள்.

"இரு, இரு," என்றாள். "பந்து இன்னும் அவகிட்ட வரவே இல்லையே."

"இல்ல."

"பின்ன எப்படி இவ..."

நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையை ஒட்டி உட்கார்ந்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் கண் அந்த எறும்பை விட்டு அகலவில்லை.

"இன்னொரு தடவை போடு," என்றாள்.