தென்னேரியில் நிற்கும் பலகை

நீச்சல் தெரியாதவள் தண்ணீரில் விழுந்தால் பதறுவார்கள். நீச்சல் தெரிந்தவள், அதுவும் தான் பிறந்த ஊர் ஏரியிலேயே, மூன்று துடுப்புக்கு ஒரு தரம் தொபுக்கடீர் என்று விழுந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கலாவதி விழுந்தாள். தென்னேரி சிரித்தது. அதற்காக ஊரைக் கோபித்துக்கொள்ள முடியாது.

எல்லாம் ஒரு கல்யாணப் புடவையில் ஆரம்பித்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கலாவதியும் அவள் புருஷன் குப்புசாமியும் ஒரே தறியில் நெய்கிறவர்கள். தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு அவள் புடவையின் உடம்பை நெய்வாள். புடவைக் கரைக்கு, நூல் கோத்த நாடாவை எறிய அவர் பக்கத்தில் இருப்பார். 2009 ஜனவரியில் சின்ன காஞ்சிபுரம் வாத்தியார் ஹயக்ரீவன் வீட்டுப் பெரிய பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை தறியில் இருந்தது. எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கச் சின்னவள் ரக்ஷா வந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, நடுவில் இரண்டு வருஷம் அமெரிக்கா. புடவையைப் பார்த்தாள், நன்றாயிருக்கிறது என்றாள், உடனே கிளம்ப எழுந்தாள்.

“இருமா, காபி போடறேன்” என்றாள் கலாவதி.

“இல்லக்கா, வெயில் ஏறினா காத்து வந்துடும். தென்னேரிக்குப் போகணும்.”

“தென்னேரியா? அது எங்க ஊராச்சே! அங்க உங்களுக்கு யாருமா இருக்காங்க?”

“யாரும் இல்ல. ஏரி இருக்கே.”

தெருவில் நின்ற காரின் டிக்கியைத் திறந்து காட்டினாள். படுக்கையைச் சுருட்டினது போல இரண்டு சுருள், ஒரு கைப்பம்பு, இரண்டு நீளத் துடுப்பு. சுருளை விரித்துக் காற்றடித்தால் பத்தடிப் பலகை ஆகுமாம். அதன்மேல் நின்றுகொண்டு துடுப்புப் போட வேண்டுமாம். அமெரிக்காவில் இப்போது எங்கே பார்த்தாலும் இதுதானாம்.

குப்புசாமிக்கு எதையும் பிரித்துப் பார்த்தால்தான் தூக்கம் வரும். “உள்ள இன்னாமா இருக்குது? ரப்பரா?”

“மேல ஒரு ஷீட், கீழ ஒரு ஷீட். நடுவுல ஆயிரக்கணக்கா நூல் ரெண்டையும் இழுத்துப் பிடிச்சுண்டிருக்கும். அதனாலதான் பலூன் மாதிரி உருண்டு போகாம தட்டையா நிக்கறது.”

“அப்போ இது துணிதான். நடுவுல நூல் ஓடுதுன்னா நெசவுதான். ஒரு ஓரமா அறுத்துப் பாக்கலாமா?”

ரக்ஷா டிக்கியைச் சாத்திவிட்டாள்.

வழி காட்டுகிறேன் என்று காரில் ஏறினாள் கலாவதி. தென்னேரிக்கு வழி காட்ட என்ன இருக்கிறது, வாலாஜாபாத் போய் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவளுக்கு ஏரியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பத்தொன்பது வயதில் கல்யாணமாகிற வரைக்கும் அந்த ஏரியில் மீனோடு மீனாகக் கிடந்தவள். பிள்ளையார்பாளையத்துக்கு வந்து பதினாறு வருஷம். தண்ணீர் என்றால் விடியற்காலையில் வருகிற தெருக்குழாய்தான். பிறந்த வீட்டுக்குப் போகும்போதும், கல்யாணமான பொம்பளை ஏரியில் குதிப்பதாவது என்று கரையோடு கால் நனைத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். நீந்த முடியாதது அவளுக்கு ஒரு குறையாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

ரக்ஷா கொடுத்த மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு அன்றைக்குத் தண்ணீரில் இறங்கினாள். அந்த வருஷ மழைக்கு ஏரி நிரம்பிக் கிடந்தது. கழுத்து வரை இறங்கியதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முகமெல்லாம் தண்ணீராக இருந்தது வசதியாகப் போயிற்று.

அதன்பிறகு ஞாயிறு என்றால் தென்னேரி. ரக்ஷா இன்டர்நெட்டில் போட்டோ போட்டாள். அடுத்த வாரம் சென்னையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் பதினொரு பேர். வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ இன்னும் மூன்று பலகை கொண்டுவந்தார்கள். ஏரிக்கரையில் கார் வரிசை கட்டியது. டீ விற்கிற சின்னப்பையன் (பேர்தான் அப்படி, ஆளுக்கு ஐம்பது வயது) சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு ஆறு மணிக்கே வந்து நின்றார். ரக்ஷா எல்லோரையும் நிறுத்தி விதி சொல்வாள். துடுப்பு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சாண் இருக்க வேண்டும். பலகையையும் காலையும் இணைக்கிற கயிறு கணுக்காலில் இருக்க வேண்டும். பலகை ஓடிப்போகாமல் அதுதான் காப்பாற்றும். மிதவைச் சட்டை இல்லாமல் இறங்கக் கூடாது. வலை போட்டிருக்கிற பக்கம் போகக் கூடாது. காற்று எழுந்தால் கரைக்குத் திரும்ப வேண்டும். வந்தவர்கள் தலையாட்டுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

நான்காவது ஞாயிறு ஒருத்தன் வலைப் பக்கம் போனான். பலகைக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற கட்டை வலையைக் கிழித்துவிட்டது. அன்றைக்கே இன்னொருத்தனைக் காற்று எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய், அவன் பலகையைத் தலையில் சுமந்து வயல் வரப்பிலேயே இரண்டு மணி நேரம் நடந்து வந்தான். ஏரிச் சங்கத்துத் தலைவர் வீராசாமி அவன் வந்து சேருகிற வரைக்கும் கரையிலேயே காத்திருந்தார்.

“இதோ பாரும்மா” என்றார் ரக்ஷாவிடம். “கிழிஞ்ச வலைய தைச்சுக்கலாம். ஆளு போயிட்டா இன்னா பண்றது? போலீசு யாரை வந்து கேக்கும்? எங்களைத்தான். எங்க ஊரு ஆளு ஒருத்தர் வாரா வாரம் உங்க கூட தண்ணியில இருக்கணும். நீச்சலும் தெரியணும், இந்தப் பலகையும் ஓட்டத் தெரியணும். இல்லேன்னா மூட்டையக் கட்டிக்கினு போய்க்கினே இருங்க.”

ஊர் இளவட்டங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்ட். மீன் பிடிக்கிறவர்களுக்கு அன்றைக்குத்தான் வியாபாரம்.

“நான் இருக்கேன் பெரிப்பா” என்றாள் கலாவதி. “நானும் இந்த ஊருதானே.”

வீராசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நாலு வாரம் டைம். மதகு வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்து காட்டு. அப்புறம் பேசலாம்.”

அவள் வேண்டாத தெய்வம் இல்லை. மதகுக்குப் போய்த் திரும்பாவிட்டால் சென்னைக்காரர்கள் வேறு ஏரி பார்த்துக்கொள்வார்கள், தாமல் ஏரியில் இல்லாத தண்ணீரா? அவளுக்குத்தான் தண்ணீர் போய்விடும். மறுபடி தெருக்குழாய்தான்.

ஆனால் பலகை அவளுக்கு வசப்படவில்லை. முட்டி போடுவாள், எழுவாள், முதல் துடுப்புப் போடுவாள். இரண்டாவது துடுப்பில் பலகை ஒரு பக்கம் சாயும். மூன்றாவதில் தண்ணீருக்குள் இருப்பாள். அவள் பழகின மதகுப் பக்கம் ஆழம், கால் எட்டாது. சென்னைக்காரர்கள் இடுப்பளவில் நின்று பழகி இரண்டு மூன்று ஞாயிறில் நிமிர்ந்து போனார்கள். ஐ.டி. கம்பெனியில் நாள் பூரா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நிற்கிறார்கள், ஏரியில் வளர்ந்தவள் விழுகிறாள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ராத்திரி சோறு இறங்கவில்லை.

“உங்களுக்குப் பேலன்ஸ் நன்னாத்தான் இருக்குக்கா. எங்க தப்புன்னே தெரியலை” என்றாள் ரக்ஷா.

தெரிந்தது குப்புசாமிக்கு. இரண்டாவது வாரம் டி.வி.எஸ். ஐம்பதில் கூடவே வந்து, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே அவள் காலைப் பார்த்தவர், கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார்.

“ஏ கலா! மிதிக்கிறே நீ!”

“இன்னாது?”

“கை இந்தப் பக்கம் வந்தா வலது கால அமுக்குற. கை அந்தப் பக்கம் போனா இடது கால அமுக்குற. தறி ஓட்டிக்கினு இருக்கே தண்ணியில!”

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள், பார்த்ததிலேயே ஒரு தரம் விழுந்தாள். உண்மைதான். பதினாறு வருஷமாகக் கை நாடாவை எறிந்தால் கால் தறியின் மிதிகட்டையை மிதிக்கும். அவளைக் கேட்டுக்கொண்டா மிதிக்கிறது? மிதிக்காதே என்று காலிடம் சொல்லிக்கொண்டே போவாள். நினைவு காலில் இருந்தால் கை தப்பும், கையில் இருந்தால் கால் மிதிக்கும். மூன்றாவது வாரம் யாருக்கும் தெரியாமல் கால் கட்டைவிரல் இரண்டையும் பட்டு நூலால் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறினாள். குப்புற விழுந்தபோது கால் பிரியவில்லை, மிதவைச் சட்டையோடு புரண்டு நிமிரவும் முடியவில்லை. ஏரியில் வளர்ந்த அவளுக்கே ஒரு நிமிஷம் மூச்சு முட்டியது. ரக்ஷா நீந்தி வந்து நூலை அறுத்தாள்.

“கணுக்கால் கயிறு ஒண்ணுதான்! வேற எதையும் கட்டப்படாது! செத்துப் போயிருப்பேள்!”

வாத்தியார் வீட்டுப் பெண் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. கலாவதி தலை குனிந்து கேட்டுக்கொண்டாள்.

சொன்ன ஞாயிறும் வந்தது. வீராசாமியோடு சங்கத்து ஆட்கள் நாலு பேர், வேடிக்கை பார்க்க ஊர்ப் பெண்கள், டீக்கார சின்னப்பையன். கலாவதி பலகையில் எழுந்து நின்றாள். போகும்போது ஒரு தரம் விழுந்து ஏறினாள். மதகில் திரும்பும்போது விழுந்து ஏறினாள். கரைக்குப் பத்து கஜம் இருக்கும்போது மூன்றாவது தரம் விழுந்து, ஏறி, முட்டி போட்டபடியே வந்து சேர்ந்தாள். கரையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தண்ணீர் போயிற்று என்று கலாவதி நினைத்தாள்.

ரக்ஷா முன்னால் வந்தாள். “சார், அக்கா இன்னும் கொஞ்ச நாள்ல கத்துப்பா. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன். நான் இந்த ஏரியில ஒரு தடவைகூட விழுந்ததில்ல.”

“விழுந்ததே இல்லியா?”

“இல்ல சார்.”

“அப்போ விழுந்தா இன்னா பண்ணுவே?”

“ஏறிப்பேன்.”

“ஆழத்துல போயி விழு பாக்கலாம்” என்றார் வீராசாமி.

ரக்ஷா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சரி என்று துடுப்புப் போட்டுக்கொண்டு மதகுப் பக்கம் போனாள், என்ன அழகாக நின்றாள், குதித்தாள். அமெரிக்காவில் இடுப்பளவு தண்ணீரில் விழுந்து, தரையில் காலை ஊன்றி ஏறினதோடு சரி. இங்கே ஊன்றத் தரை இல்லை. விளிம்பைப் பிடித்துத் தாவினாள். மிதவைச் சட்டை இடித்தது, பலகை கவிழ்ந்தது. திருப்பிப் போட்டுத் தாவினாள். கால்கள் பலகைக்கு அடியில் போய்விட்டன. நாலாவது முறை அசந்துபோன கை பலகைமேல் ஏறவேயில்லை. மூழ்கவில்லை, சட்டை தாங்கியது. ஆனால் முகம் வெளுத்துவிட்டது, வாய் நிறையத் தண்ணீர்.

கலாவதி யாரையும் கேட்கவில்லை. பலகைமேல் குப்புறப் படுத்துக் கையாலேயே தள்ளிக்கொண்டு பறந்தாள்.

“என்னைப் பிடிக்காதமா, பலகையப் பிடி. நடுவுல கைப்பிடி இருக்குது பாரு, அத. காலத் தொங்க விடாத, பின்னால நீட்டு. நீட்டி உதை. இன்னும் உதை!”

உதைத்த வேகத்தில் ரக்ஷாவின் உடம்பு மேலே வர, சட்டையின் தோள்பட்டையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். ரக்ஷா பலகைமேல் குப்புற விழுந்து இருமினாள். இருமி முடித்ததும் கலாவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கரை வந்து சேருகிற வரைக்கும் விடவில்லை.

வீராசாமி குப்புசாமி பக்கம் திரும்பினார். “உன் சம்சாரம் இதுவரைக்கும் எத்தினி தபா விழுந்திருக்கும்?”

குப்புசாமி சங்கடத்தோடு சொன்னார். “நான் எண்ணினது நாப்பத்தொண்ணுங்க.”

“ஏறினது?”

குப்புசாமி அதை எண்ணியிருக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, “அதுவும் நாப்பத்தொண்ணுதான்” என்றார்.

வீராசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நிக்கத் தெரிஞ்சவங்க நெறைய பேரு வராங்க. இந்தப் பொண்ணு தண்ணியில இருந்தா எறங்குங்க, இல்லேன்னா எறங்கக் கூடாது.” அவ்வளவுதான். டீ குடிக்கப் போய்விட்டார்.

கலாவதி கரையிலேயே உட்கார்ந்து, பெண்களெல்லாம் பார்க்க, ஓவென்று அழுதாள். இந்தத் தடவை மறைக்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு பதினாறு பேர் வந்தார்கள். கழுத்தில் விசிலோடு கலாவதி நின்றாள். ரக்ஷா விதியெல்லாம் சொல்லி முடித்ததும் அவள் ஒரே ஒரு விதி சேர்த்தாள்: எல்லோரும் முதலில் ஆழத்தில் விழுந்து தானே ஏறிக் காட்ட வேண்டும், அப்புறம்தான் நிற்பது. புதிதாக வாங்கின பலகையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்த ஒரு ஆளுக்கு அது பிடிக்கவில்லை.

“நான் கோவாவுலயே பண்ணியிருக்கேன் மேடம். முதல்ல நீங்க ஒரு தடவை நின்னு காட்டுங்க.”

பதினாறு பேரும் அவளைப் பார்த்தார்கள். ரக்ஷா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கலாவதி கையமர்த்தினாள்.

“எனக்கு நிக்கத் தெரியாதுங்க” என்றாள். “நீங்க கண்ணாடியக் கழட்டி ரக்ஷாம்மாகிட்ட குடுத்துட்டு வாங்க. தண்ணியில போச்சுன்னா கெடைக்காது.”

அவர் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.