நாலாம் வகுப்புத் தரை

டைல்ஸ் ஒட்டியே சோறு தின்கிற மேஸ்திரி, டைல்ஸ் வேண்டாம் என்று எழுந்து நின்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? இண்டூருக்கு அப்பால் இருக்கும் அந்தச் சிறிய அரசுப் பள்ளியில் அன்றைக்குக் குழுக் கூட்டம். புதிய கட்டடத்துக்குத் தரை போட்டுத் தருகிறேன் என்று பெங்களூரில் இருக்கும் தமிழ்மணி சொல்லியிருந்தான். இந்த ஊர்ப் பையன்தான். எந்தத் தரை என்று ஊரே முடிவு செய்யட்டும் என்றும் சொல்லிவிட்டான்.

“கண்ணாடியாட்டம் மின்னுறது போடுவோம்” என்றார் மாதவராஜ். நிலபுலம் உள்ளவர், குழுவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

மேஸ்திரி அந்தோணி பிரகாஷ் எழுந்தான். “நாலாம் வகுப்புக்கு மட்டும் வேணாங்க.”

“ஏம்ப்பா, ஒம் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். அவன் மகள் பிளசி நாலாம் வகுப்பு. இரண்டு காதிலும் மிஷின்.

“அந்த மிஷினுக்கு டீச்சர் கொரலு வேற, பெஞ்சு இழுக்கற சத்தம் வேறன்னு தெரியாதுங்க. எல்லாத்தயும் பெருசாக்கும். டைல்ஸ் போட்டா சத்தம் மோதி மோதித் திரும்பி வரும். புள்ள இப்பவே ஒண்ணும் புரியாம முழிக்குது. இந்த வருசமும் பாடம் ஏறலன்னா சேலத்துல காது கேக்காத புள்ளைங்க ஆஸ்டல்ல சேத்துடுங்கன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க.” ஆஸ்டல் என்றதும் பிளசி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததை அவன் சபையில் சொல்லவில்லை.

பெங்களூர் ஆபீஸ்களில் வேலை செய்தபோது பார்த்திருக்கிறான். சதுரம் சதுரமாக ஒட்டுகிற கார்ப்பெட். மேலே நூறு பேர் நடந்தாலும் பூனை நடக்கிற சத்தம்தான். தமிழ்மணிக்குப் போன் போட்டான். ஒரு ஆபீஸ் வேலையில் மிச்சமானது கிடக்கிறது, ஒரு அறைக்குச் சரியாக வரும் என்றான் அவன். தலைமையாசிரியை சசிகலா “போட்டுத்தான் பாப்பமேங்க” என்றார். மாதவராஜும் பெரிய மனது பண்ணித் தலையாட்டினார்.

மற்ற அறைகளுக்கு டைல்ஸ். நாலாம் வகுப்புக்குச் சாம்பல் நிறக் கார்ப்பெட். ஒட்டி முடித்த அன்று, உதட்டைப் பார்த்து ஊகிக்காதபடி பிளசியைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தான். அப்பனும் மகளும் வீட்டில் விளையாடுகிற விளையாட்டு அது. அவன் கரும்பலகைப் பக்கம் நின்று சாதாரணக் குரலில் மூன்று சொல் சொன்னான். “மாங்கா. பரிசல். டவுன்பஸ்.”

மூன்றையும் திருப்பிச் சொன்னாள். வீட்டில் ஒருநாளும் இரண்டுக்கு மேல் போனதில்லை. அவன் வெளியே போய் மணல் குவியலுக்குப் பின்னால் நின்று அழுதான்.

திறப்பு விழாவுக்குக் காத்திராமல் புது அறைகளில் வகுப்பு தொடங்கியது. அடுத்த வாரங்களில் பிளசி வாயாடியே ஆகிவிட்டாள். “சாக்பீஸு எழுதற சத்தங்கூடக் கேக்குதுப்பா” என்றாள். ஆஸ்டல் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

அப்புறம் திறப்பு விழா வந்தது. பெரிய அதிகாரி வருகிறார் என்றார்கள். அந்தோணிக்குப் பாலக்கோட்டில் வேலை. போகும்போது மனைவி ரோசம்மாளிடம் படித்துப் படித்துச் சொன்னான். “நாலாம் வகுப்புல ஒரு தூசி இருக்கக் கூடாது. அழுக்காக் கெடந்தா இதுக்குத்தான் வேணாம்னோம்பாங்க.”

விழாவென்றால் முந்தின நாள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவது இந்த ஊர் வழக்கம். கோயிலானாலும் மாதா கெபியானாலும் அதேதான். ரோசம்மாளும் நாலு பெண்களும் எல்லா அறைகளையும் கழுவினார்கள். மகளுடைய அறையை மட்டும் இரண்டு தடவை. குடம் குடமாக ஊற்றி, சோப்புத்தூள் போட்டு, தென்னந்துடைப்பத்தால் அரக்கித் தேய்த்தாள். கார்ப்பெட் அத்தனை தண்ணீரையும் குடித்தது. திருட்டு பயத்துக்கு ஜன்னலைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்தார்கள்.

விழா நன்றாகத்தான் நடந்தது. அதிகாரி வாசலோடு போய்விட்டார். அதன் பிறகு மூன்று நாள் விடாத மழை, பள்ளிக்கும் விடுமுறை. நாலாம் நாள் கதவைத் திறந்தால் செத்த எலி வாடை. இரண்டு குழந்தைகள் வாந்தி எடுத்தன.

அந்தோணி ஒவ்வொரு துண்டாகப் பெயர்த்து மாடியில் காயப்போட்டான். அடியில் பச்சையாகப் பூஞ்சை. வெயிலில் பத்து நாள் கிடந்தும் வாடை போகவில்லை. தமிழ்மணியைக் கேட்டால், “அது மிச்சம் மீதிண்ணா, இனிமே கெடைக்காது” என்றான்.

“எங்கையாலயே எம்பொண்ணு காத அடச்சிட்டனே” என்று ரோசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவளை எப்படித் திட்டுவது? எதில் தண்ணீர் படலாம், எதில் படக்கூடாது என்று தெரிந்த வேலைக்காரன் அவன்தான். தூசி என்று நூறு தடவை சொன்னவன் தண்ணீர் என்று ஒரு தடவை சொல்லவில்லை. அந்த நினைப்பு அவனைத் தூங்கவிடவில்லை.

மாதவராஜ் கோபப்படவில்லை. “ஒரு புள்ளைக்காவ முப்பது புள்ளைங்க மூக்கப் புடிச்சிக்கிட்டு ஒக்காரணுமாப்பா? நீயே டைல்ஸ் போட்டுக் குடுத்துடு.” அதில் என்ன தப்பு இருக்கிறது? சசிகலா டீச்சர் சேலத்து ஆஸ்டல் விண்ணப்பத்தை மடித்து அவன் கையில் கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையிலிருந்து ஒட்டினான். வேலையில் மட்டும் குறை வைக்கத் தெரியாதவன். ஒவ்வொரு டைல்ஸையும் விரலால் தட்டி, அடியில் கலவை பிடிக்காத பொத்தல் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுத்தான் அடுத்ததை எடுத்தான். தரை கண்ணாடியாக மின்னியது.

திங்கட்கிழமை பிள்ளைகள் பெஞ்சுகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிளசி தானாகவே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

“அப்பா, சொல்லுங்க.”

அவன் கரும்பலகைப் பக்கம் போனான். “மாங்கா. பரிசல். டவுன்பஸ்.”

பதில் இல்லை. குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னான். சட்டைப் பையில் விண்ணப்பம் நெஞ்சைக் குத்தியது. அவள் ஆடாமல் அசையாமல், கவனமாக, சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

“ஆரம்பிங்கப்பா” என்றாள். “நான் ரெடி.”