மூட்டை மேல் உட்கார்ந்தவர்

ஸ்டாலின்கிராத் எரிந்துகொண்டிருந்தது. யெவ்தகீம் யாரையும் நம்புவதை விட்டுவிட்டார். ஓடுகிறவன் கோழை என்று ஒலிபெருக்கியில் கத்தின பெரிய மனிதர்களின் பீரோவையும் பியானோவையும் கோடையில் வோல்கா ஆற்றுத் துறைக்கு ஏற்றிப்போன வண்டி அவருடையதுதான்.

பெண்டாட்டி, தன் தங்கை ஊருக்குப் போகிற வழியில், குண்டுக்கு இரையானாள். பிறகு வீடு போயிற்று. மிச்சம் மகள் கிளாஷா ஒருத்திதான். ஓடைச் சரிவில் குழி தோண்டி, செத்த குதிரைக் கறியும் கருகின கோதுமையும் தின்று இருவரும் கிடந்தார்கள். அவளை அக்கரை சேர்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

மீன்பிடிக்கிற பன்கிராத் படகில் இடம் தருவதாகச் சொன்னான். கூலிக்கு அவருடைய கம்பளிப் பூட்ஸைக் கழற்றி வாங்கிக்கொண்டான்.

"மூடுபனி கலையிறதுக்குள்ள போயிடணும் பெரியவரே. இல்லேன்னா ஜெர்மன்காரன் வாத்து சுடற மாதிரி சுட்டுடுவான். விசிலடிச்சா ஓடி வாங்க."

விடியலில் விசில் கேட்டது. கிளாஷா மூட்டையைத் தூக்கினாள்.

"கீழ வை. உக்காரு."

பயணம் கிளம்புமுன் எல்லோரும் சற்றுப் பேசாமல் உட்கார்ந்து எழுவது அங்கே வழக்கம்.

"அப்பா, இது வீடா? எலிப் பொந்து! இதுக்கு மரியாதை வேறயா?"

"உங்கம்மா உக்காராமப் போனா. வந்தாளா?"

மூட்டை மேல் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் குண்டு விழுந்து தலையில் மண் கொட்டியது. "ஐயோ!" என்று எழுந்தாள்.

"வாயைத் தொறந்துட்டே. மறுபடி உக்காரு."

"படகு போயிடும்பா!"

"உக்காருடி!"

உட்கார்ந்தாள். கரைக்கு இறங்கியபோது மூடுபனி விலகிவிட்டது. பன்கிராத்தின் படகு அக்கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு தோட்டாகூடப் பாயவில்லை.

"நல்லா உக்காந்தோம்பா," என்றாள் கிளாஷா.

"திருட்டுப் பய, பூட்ஸையும் விழுங்கிட்டான்," என்று யெவ்தகீம் திட்டினார். யாரைத் திட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

அப்புறம் ஆற்றில் பனிக்கட்டிப் பாளங்கள் மிதந்து வந்தன. படகுகள் நின்றுபோயின.

ஒரு காலையில் கிளாஷா வாளியை எடுத்தாள். "தண்ணிக்குப் போறேன். உக்காரணுமாப்பா?"

"வாயாடி! தண்ணிக்குப் போறதுக்கு எவ உக்காருவா? போ."

சிரித்துக்கொண்டே போனாள். எங்கோ இடிந்த மாடியில் பதுங்கியிருந்த ஜெர்மன்காரன் குறிபார்த்துச் சுட்டான். வாளி உருண்டு கரைப்பனியில் நின்றது.

பிப்ரவரியில் பீரங்கிகள் ஓய்ந்தன. சவரம் செய்த முகத்தோடு ஓர் அதிகாரி குழிக்குள் குனிந்து பார்த்தான். "ஜெயிச்சிட்டோம் தாத்தா! வெளிய வாங்க! இனி எங்க வேணாப் போகலாம்!"

யெவ்தகீம் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். காலில் சாக்குத் துணி.

"பேசாதே," என்றார். "மறுபடி மொதல்லேருந்து உக்காரணும்."