மொறாக்கின் பிஸ்கட் ரின்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளடிஸ் சட்டியில் சீனியைக் கொட்டியபோது, துக்கம் முடிய இன்னும் நான்கு கிழமை இருந்தது. இறந்தவர் அவளுடைய கணவர் வின்சன்ற்றின் அண்ணன். இறந்ததோ பாரிஸில். ஆனாலும் சாவு சாவுதானே. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பலகாரம் செய்வதில்லை. மல்வேர்னில் இருக்கும் அவர்களுடைய ரவுன்ஹவுஸ் வரிசை வீட்டில் அந்த வருஷம் ஈஸ்டருக்குக்கூட ஒரு பயற்றம் பணியாரம் கிடையாது. அப்படிக் கட்டுக்காவலாக இருந்த மனுஷிதான் இப்போது சீனியில் பாலையும் பட்டரையும் போட்டுக் கிண்டிக்கொண்டு நின்றாள்.

மணம் மாடிக்கு ஏறியிருக்க வேண்டும். வின்சன்ற் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கீழே வந்தார்.

"என்னப்பா செய்யிறீர்? அண்ணை செத்து வருசம் திரும்பேல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ காய்ச்சிறீர்?"

கிளடிஸ் கரண்டியால் குளிர்சாதனப் பெட்டியின் மேலே காட்டினாள். அங்கே ஒரு பழைய பிஸ்கட் ரின், தகர டப்பா, இருந்தது. மூடியில் ஒரு மான் படம். கொம்பு மட்டும்தான் மிச்சம், உடம்பு தேய்ந்துபோய் விட்டது. பதினொரு மாதமாக அது அங்கேயே இருந்தது.

ரின் பக்கத்து வீட்டு மொறாக்குடையது. மொறாக் கிளாஸ்கோக்காரி, எண்பத்திரண்டு வயது, புருஷன் போய்ப் பதினைந்து வருஷம். மொறாக் பேசுவது ஆங்கிலம்தானா என்று முதல் இரண்டு வருஷமும் கிளடிஸுக்குச் சந்தேகம். ஆனால் முதல் நாளே வேலிக்கு மேலால் எட்டிப் பெயரைக் கேட்டு, கிளடிஸ் என்றதும், "என் பெரியம்மாவின் பெயர்! நாற்பது வருஷமாக இந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இளவாலையில் பிறந்தவளுக்குக் கிளாஸ்கோவில் ஒரு பெரியம்மா கிடைத்த கதை அது.

ஒவ்வொரு வருஷமும் மார்கழி முப்பத்தோராம் திகதி, ஆங்கில வருஷத்தின் கடைசி நாளில், மொறாக் அந்த ரின்னை நிரப்பி ரப்லெற் கொண்டுவருவார். மாத்திரை என்று நினைக்க வேண்டாம்; சீனியும் பட்டரும் ரின்பாலும் காய்ச்சி அடித்துக் கட்டியாக்கிய ஸ்கொட்லாந்து இனிப்பு. எங்கள் மில்க் ரொபிக்குச் சகோதரம் என்று சொல்லலாம். கஜுவும் ஏலக்காயும் இல்லாத, வாயில் வைத்தால் மணல்போல் உதிர்ந்து கரைகிற சகோதரம். தை மாதம் ரின் திரும்பிப் போகும். வெறுமையாகப் போகாது. ஒருத்தர் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது கிளடிஸின் பிறப்பிலேயே இல்லை. ஒரு வருஷம் மில்க் ரொபி, ஒரு வருஷம் சீனி அரியதரம், ஒரு வருஷம் கொக்கிஸ். பதினொரு வருஷம் அப்படியே போய்வந்தது அந்த மான்.

பன்னிரண்டாம் வருஷம் ரின் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சுடுவோம் என்று கிளடிஸ் இருந்தாள். அதற்குள் பாரிஸிலிருந்து ரெலிபோன் வந்துவிட்டது.

கடையில் வாங்கிப் போட்டுக் கொடுக்கலாமா என்று ஒரு நாள் யோசித்தாள். மொறாக் தன் கையால் கிண்டித் தந்ததற்குக் கடைப் பலகாரமா? மனம் வரவில்லை. வருஷம் முடியட்டும், இரண்டு மடங்காய்ச் செய்து கொடுப்போம் என்று குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாள். சித்திரையில் ஒருநாள் மொறாக் வேலியடியில் நின்று, "என் ரின் உன்னிடம்தானே இருக்கிறது?" என்று கேட்டார். கிளடிஸ் துக்கத்தை விளக்கினாள். மொறாக் தலையை ஆட்டிக் கேட்டார். "அவசரமில்லை" என்றார்.

ஐப்பசியில் அவருடைய மகள் பியோனா வந்து கதவைத் தட்டினாள்.

"மன்னிக்க வேண்டும். அம்மா வீட்டையே தலைகீழாகப் புரட்டுகிறார். பாட்டியின் ரின் ஒன்று, அதை உங்களிடம் கொடுத்ததாகச் சொல்கிறார். இருக்கிறதா?"

கிளடிஸ் நின்ற இடத்திலிருந்து திரும்பினால் ரின் தெரியும். ஓம் என்றால் பியோனா கையை நீட்டுவாள். பத்து மாதம் வைத்திருந்த ரின்னை, வெறும் ரின்னை, அந்தக் கையில் வைக்க வேண்டும். மானம் போகும்.

"இல்லையே. நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்றது அவள் வாய்.

பியோனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்படித்தான் நானும் நினைத்தேன்" என்றாள். ஒரு ரின்னுக்கு ஏன் அழுகிறாள் என்று கிளடிஸுக்கு விளங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வேலைக்கு பஸ் எடுக்க ஓடினாள்.

விளங்கியது கார்த்திகை கடைசியில். பக்கத்து வீட்டு முற்றத்தில் விற்பனைப் பலகை நட்டிருந்தது. பியோனா காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நின்றாள். அம்மா விட்பியில், முதியோர் இல்லத்தில் என்றாள்.

"மறதி கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த ரின் விஷயத்தில் சத்தியம் பண்ணினார். உங்களிடம் இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் சொன்னார். நீங்கள் இல்லை என்று சொன்ன பிறகுதான், இனித் தனியே விட முடியாது என்று கையெழுத்து வைத்தேன்."

கிளடிஸ் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில், "ஒரு பொய் சொன்னேன்" என்றாள். என்ன பொய் என்று சுவாமி கேட்கவில்லை. மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். நெஞ்சுப் பாரம் ஒரு இறாத்தல்கூடக் குறையவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பியோனாவை ரெலிபோனில் அழைத்து, ஞாயிறு பிற்பகல் விட்பிக்கு வரலாமா, நீங்களும் நில்லுங்கள், ஒன்று சொல்ல வேண்டும் என்றாள்.

இதையெல்லாம் இப்போதுதான் வின்சன்ற்றிடம் சொன்னாள், கிண்டுவதை நிறுத்தாமலே. அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெறும் ரின்னையே தையிலை குடுத்திருக்கலாம்" என்றார்.

"ஓம். இப்ப தெரியுது."

முதல் சட்டி பிழையாகிவிட்டது. மில்க் ரொபிப் பழக்கத்தில் பதம் வந்த உடனே தட்டில் ஊற்றினாள். அது ஆறிய பிறகும் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. அப்போதுதான் மொறாக்கின் குசினியில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அடுப்பை நிறுத்திய பிறகுதான் வேலையே தொடங்கும். மினுக்கம் செத்து, அடியில் கரகரக்கும்வரை மரக்கரண்டியால் அடிக்க வேண்டும். "கை கெஞ்சும்போது இன்னும் நூறு எண்ணு" என்பார் மொறாக்.

இரண்டாம் சட்டியில் கிளடிஸின் கை கெஞ்சியது. அவள் எண்ணினாள். அறுபதோடு கை விழுந்துவிட்டது. வின்சன்ற் எழுந்து வந்து கரண்டியை வாங்கினார். அண்ணனுக்காக வருஷம் காத்த மனுஷன், மிச்ச நாற்பதையும் அடித்து முடித்தார். கிளடிஸ் தட்டில் ஊற்றி, சூட்டோடு கத்தியால் கோடு போட்டாள். ஆறியதும் ஒரு துண்டை உடைத்து வாயில் வைத்தாள். மணல்போல் உதிர்ந்தது. ஆனந்தப்பட வேண்டிய நேரம்; அவளுக்கு அழுகைதான் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து விட்பிக்குப் போனார்கள். இல்லத்து வாசலில் பியோனா நின்றாள். வின்சன்ற் காரிலேயே இருந்துகொண்டார். கிளடிஸ் பையைத் திறந்து ரின்னைக் காட்டினாள்.

"உங்கள் அம்மா சொன்னது உண்மை. இது என்னிடம்தான் இருந்தது. நான்தான் பொய் சொன்னேன்."

பியோனா மானின் கொம்பைப் பார்த்தாள்.

"ஏன்?"

"வெறுமையாகக் கொடுக்க வெட்கம்."

சொல்லிக் கேட்கையில் அது எவ்வளவு அற்பமாக இருந்தது! பியோனா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. "ரின் இல்லாவிட்டாலும் ஒருநாள் கையெழுத்து வைத்திருப்பேனோ தெரியாது" என்றாள். "ஆனால் அம்மாவை நான் நம்பவில்லை. கேட்டுக் கேட்டு அழுதார், நான் நம்பவில்லை. வீடும் போன கிழமை விற்றாயிற்று." பிறகு, "வாருங்கள்" என்று முன்னால் நடந்தாள்.

மொறாக் யன்னலோரம் சாய்நாற்காலியில் இருந்தார். இரண்டு மாதத்தில் பாதியாகியிருந்தார். கிளடிஸ் முழந்தாளிட்டு ரின்னை அவர் மடியில் வைத்தாள். கை முதலில் மானைத் தடவியது. பிறகு மூடியைத் திறந்தது. ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

"பார்த்தாயா?" என்றார் மொறாக் மகளிடம். "நான் சொன்னேனே. பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று."

"ஓம் அம்மா. நீங்கள் சொன்னீர்கள்" என்றாள் பியோனா. "நான்தான் பிழை."

"என்னை மன்னித்துக்கொள்ளுங்கள், மொறாக்" என்றாள் கிளடிஸ்.

மொறாக் அவளை மரியாதையாகப் பார்த்தார், முதன்முதலாகக் காணும் ஒருத்தியைப் பார்ப்பதுபோல.

"உனக்குக் கிளடிஸைத் தெரியுமா? என் பெரியம்மாவின் பெயர் அவளுக்கு. அவர்கள் வீட்டில் ஒரு சாவு. அதனால் ஒரு வருஷம் இனிப்புச் செய்ய மாட்டார்கள், பாவம். நான் சொல்லச் சொல்ல இங்கே யாருமே நம்பவில்லை."

"தெரியும்" என்றாள் கிளடிஸ். நான்தான் அது என்று சொல்ல வாய் வந்தது. சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். மொறாக் சிரித்துத் தலையாட்டினார்; நம்பவில்லை.

புறப்படும் நேரம் மொறாக் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் இருந்த தட்டில் அடுக்கினார். யாரையும் உதவ விடவில்லை. இரண்டு துண்டை மட்டும் ரின்னிலேயே விட்டு, மூடியை அழுத்தி மூடிக் கிளடிஸின் கையில் கொடுத்தார்.

காரில் ஏறியபோது வின்சன்ற் அவள் மடியைப் பார்த்தார்.

"என்னப்பா, ரின்னைத் திருப்பிக் கொண்டு வாறீர்? அவ வாங்கேல்லையே?"

"வாங்கினவ" என்றாள் கிளடிஸ். மூடியைத் திறந்து அந்த இரண்டு துண்டையும் காட்டினாள். "கிளடிஸிட்டைக் குடுக்கட்டாம். வெறும் ரின் குடுத்தால் அவளுக்குப் பிடிக்காதாம்."