சைரன் ஓய்ந்த பிறகு

சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பச்சைப் பெயின்ற் அடிக்கும் வேலை. மேலே விமானத்தில் பறக்கிற எதிரியின் கண்ணுக்குக் காடு மாதிரித் தெரிய வேண்டுமாம். கொழும்பில் குண்டு விழுந்த சேதி வந்ததிலிருந்து யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. பெயின்ற் அடிப்பவர்களுக்கும் வெள்ளைக்காரச் சார்ஜன்ட்டுக்கும் நடுவில் நின்று கதையை மொழிமாற்றிச் சொல்பவன் யோகராசா. அவனுக்கு இங்கிலீசு அரைகுறைதான். அதை அவன் வெளியே விட்டதில்லை.

'கோ' என்றால் போ. அதன் வாலில் ஒரு சொல்லை ஒட்டினால் அர்த்தம் திரும்பிவிடும். கோ அப், ஏறு. கோ டவுன், இறங்கு. கோ ஓன், நிறுத்தாமல் செய். 'ஓஃப்' என்ற வாலைக் சார்ஜன்ட்டின் கந்தோர்ச் சுவரில் கண்டிருந்தான். சுவிச்சை அந்தப் பக்கம் தட்டினால் விளக்குச் செத்துவிடும்.

ஆகவே, சைரன் 'கோஸ் ஓஃப்' ஆனதும் இறங்கச் சொல் என்று சார்ஜன்ட் சொன்னபோது அவன் யோசிக்கவேயில்லை.

"சைரன் ஓஞ்ச பிறகு இறங்கட்டாம்," என்றான்.

அவன் மனைவியின் தம்பி தம்பையாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். "அப்ப ஊதேக்க மேலயே இருக்கிறதோ, அத்தான்? எங்களைக் கொக்கெண்டு நினைச்சிட்டானோ?"

"ஓடினா மேல வாறவனுக்குத் தெரியுமெல்லே. அசையாமப் படுத்துக் கிட."

அந்தக் காரணம் யோகராசாவின் சொந்தச் சரக்கு.

அடுத்த நாள் காலை தேத்தண்ணிக்காகத் துரைமாரின் குசினிப் பக்கம் போனான். அங்கே சமைப்பவன் கிண்ணியா ஜமால்தீன்.

"பால் 'கோன் ஓஃப்' எண்டு துரை கத்துறான், மச்சான். எங்க போன? கோப்பைக்குள்ளதான் இரிக்கி."

"புளிச்சிருக்கும்."

"சரி. விடிய மணிக்கூடும் ஓஃபாம். அதுவும் புளிச்சிட்டோ?"

யோகராசா சிரித்தான். "அது நிண்டிருக்கும்."

"நிண்டதோ? அலாரம் வீடதிர அடிச்சிச்சு. துரை தலகணியால எறிஞ்சான்."

"அடிச்சதுக்கோ ஓஃப் எண்டவன்?"

"ஓம் எண்டுறன்! சத்தம் கிளம்பினா அதுதான் 'கோஸ் ஓஃப்'."

யோகராசா தாங்கிகளின் பக்கம் திரும்பினான். தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைத்தான் என்று தெரியாது. ஓடினான். பாதி வழியில் சைரன் ஊதத் தொடங்கியது.

தாங்கியின் உச்சியில் ஆறேழு பேர் பல்லியைப் போல ஒட்டிக் கிடந்தார்கள். இறங்கச் சொல்லிக் கத்தினான். சைரன் அவன் குரலைத் தின்றது. கையை வீசினான். தம்பையா தலையை மட்டும் தூக்கி, விளங்கிவிட்டது என்பதுபோல் கையாட்டி, இன்னும் தட்டையாகப் படுத்துக்கொண்டான். சொன்ன சொல் தவறாத கூட்டம்.

ஏணியில் ஏறிப்போக நேரமில்லை. இனி அவர்களை இறக்க ஒரு வழிதான் இருந்தது. மணல் மூட்டைகளுக்குள் நின்று ஒரு சிப்பாய் கையால் சைரனைச் சுற்றிக்கொண்டிருந்தான். யோகராசா பாய்ந்து அதன் கைபிடியைக் கட்டிப்பிடித்தான். சத்தம் முனகித் தேய்ந்து அடங்கியது.

"லெற் கோ!" என்று சிப்பாய் கத்தினான். இப்படியொரு 'கோ'வை யோகராசா கேட்டதில்லை. முதுகில் விழுந்த உதையிலேயே அர்த்தம் விளங்கியது. விடவில்லை. மேலே தம்பையா எழுந்து ஏணியில் காலை வைப்பது தெரிந்தது. அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். சிப்பாயின் துவக்கின் அடிக்கட்டை யோகராசாவின் தாடையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அப்போதும் விடவில்லை.

கீழே பதுங்கு குழிக்குள் மணல் சுமக்கும் பெண்கள் இருந்தார்கள். சத்தம் நின்றால் ஆபத்து போய்விட்டது என்பது அவர்கள் கணக்கு. அவர்களில் இராசமலர் என்பவள் முதலில் ஏறி வந்து சீலையைத் தட்டினாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

"முடிஞ்சுதோ, அண்ணை?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். தாடை அசையவில்லை, இரத்தம்தான் வந்தது. தம்பையா பாதி ஏணியில் இருந்தான். பெண்கள் கூடைகளை எடுக்க வெட்டவெளிக்கு நடந்தார்கள். கடற்பக்கமிருந்து விமானங்களின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது.